அழுகையை நிறுத்திய பாதிரியார்

தான் செய்தது தவறு என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொன்ன வெள்ளைக்காரர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரரை விடுங்கள். எங்கள் பக்கத்தில் நிலம் வைத்திருப்பவர், குதிரை வைத்திருப்பவர், மேசை போட்டு உட்கார்ந்திருப்பவர் யாரும் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. எங்கள் வளவுக் குடிசைகளின் ஆட்கள்தான் அதைச் சொல்வார்கள். செய்யாத தப்புக்கும் சொல்வார்கள். பரமத்தி வேலூருக்குப் பக்கத்தில், காவிரிக்கரைக் கொடிக்கால்களில் வெற்றிலை கிள்ளிப் பிழைத்த குடும்பங்கள் நாங்கள். நிலத்துக்காரப் பண்ணாடி வரப்பில் வந்து நின்றாலே என் அப்பா துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, “தப்புங்க சாமி” என்பார். என்ன தப்பு என்று அப்புறம்தான் யோசிப்பார்.

அந்த வார்த்தை மேலேயிருந்து கீழேயும் வரும் என்று எனக்குக் காட்டியவர் பாதிரியார். அவருடைய பெயர் எங்கள் வளவில் ஒருவர் வாயிலும் நுழைந்ததில்லை. பாதிரித் தொரை என்றார்கள். பிறகு சாமி என்றார்கள். எழுதத் தெரிந்த நானும் பெயர் போடாமலே எழுதுகிறேன். யுத்தம் தொடங்கிய வருஷத்தில் கப்பல் ஏறினார். எந்த ஊரில் இறங்கினார், இறங்கினாரா என்பதுகூட எனக்குத் தெரியாது.

நெடிய மனிதர். எங்கள் குடிசை வாசல்களில் அவர் நெற்றி இடிக்காத வாசல் இல்லை. சைக்கிளில் வருவார். அது வருவதற்கு முன்பே அதன் கிறீச்சொலி வந்துவிடும். கோடையில் கழுத்துச் சிவந்து தோல் உரிந்திருக்கும். எப்போதும் கறுப்பு அங்கி. சென்னையில் ஒரு முன்ஷியிடம் தமிழ் படித்துவிட்டு நேரே எங்கள் பக்கம் வந்தவர் என்பதால், கொடிக்காலில் குனிந்து நிற்கும் பெண்களைப் பார்த்து, “தாய்மார்களே, தாங்கள் யாவரும் சுகமாயிருக்கிறீர்களா?” என்று கேட்பார். பெண்கள் வெற்றிலைக் கட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள்.

“நான் என்ன தவறு சொன்னேன்? சொல்லுங்கள்” என்பார்.

“தப்பெல்லாம் இல்லீங்க தொரை. ‘நல்லாயிருக்கறீங்களா’ன்னு கேட்டாப் போதுங்க.”

“நல்லாயிருக்கறீங்களா? முன்பு நான் சொன்னது தவறு.”

என் அத்தை நல்லாயி, அப்பாவின் தங்கை, யாருக்கும் அடங்காத வாய் அவளுக்கு. ஒரு நாள் நேராகவே சொன்னாள். “ஏனுங்க தொரை, எங்கூட்டுக்காரன் ஒரு நாளைக்காச்சும் இப்பிடித் தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா, நான் அவனுக்குத் தெனமும் சுடுதண்ணி வெச்சு ஊத்தியிருப்பனுங்க.” அவள் புருஷன் அப்போது உயிரோடு இல்லை. பாதிரியாருக்கு அது தெரியாமல், “இன்றைக்கு அவரிடம் நான் பேசட்டுமா?” என்று கேட்டார். கொடிக்காலே சிரித்தது. பிறகு விஷயம் தெரிந்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டு அவளிடம் மன்னிப்புக் கேட்டார். நல்லாயி அத்தை, “அட போங்க தொரை, அவன் இருந்தப்பவே காது கேக்காது” என்றாள்.

எங்கள் குடும்பத்தில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அப்பாவின் அப்பாவும் அவருடைய அப்பாவும் விரல்ரேகையோடு போனவர்கள். நான் நாமக்கல்லில் மிஷன் பள்ளிக்கூட விடுதியில் தங்கிப் படித்தேன். இன்றைக்கு நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் சாக்கட்டி பிடித்து நிற்கிறேன். அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒரு நாள் பாதிரியார் எங்கள் வகுப்புக்கு வந்து, இந்தத் தாலுக்காவில் விளைவதையெல்லாம் சொல்லிக்கொண்டே போனவர், “வெற்றிலை மரம்” என்றார். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, “அது மரமில்லைங்க ஐயா, கொடி. மரம் அகத்தி. கொடி அதைப் பிடித்துக்கொண்டு ஏறும்” என்றேன். டீச்சரின் கை பிரம்பைத் தேடியது. பாதிரியார் வகுப்பைப் பார்த்து, “நான் சொன்னது தவறு. இவள் சொன்னது சரி” என்றார். அன்றைக்கு விடுதிக்கு நடந்து போகும்போது என் கால் தரையில் படவில்லை.

ஆனால் அவருடைய அந்தக் குணம் எல்லோருக்கும் எப்போதும் நல்லதாக முடிந்தது என்று நான் எழுதினால் அது பொய். கொடிக்காலுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டு யாரும் போகமாட்டார்கள். அது கோயில் மாதிரி. கால் கழுவிவிட்டுத்தான் நுழைய வேண்டும். பாதிரியார் ஒரு நாள் அப்பாவைத் தேடிக்கொண்டு பூட்ஸோடு உள்ளே நடந்துவிட்டார். பண்ணாடி பார்த்துவிட்டார். வெள்ளைக்காரரை அவர் ஒன்றும் சொல்லவில்லை. நாங்கள் அதற்குள் ஞானஸ்நானம் வாங்கிக் கிறிஸ்தவர்களாகியிருந்தோம். கொடி கட்டிக்கொண்டிருந்த அப்பாவைப் பார்த்து, “ஏண்டா, வேதத்துல சேந்தா வெத்தலைக்கால்ல செருப்போட மிதிக்கச் சொல்லிக் குடுத்துருக்கறாங்களாடா?” என்று கத்தினார். பாதிரியார் அங்கேயே உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். வெறுங்காலோடு பண்ணாடி முன்னால் போய் நின்று, “தவறு என்னுடையது. இவரைத் திட்ட வேண்டாம்” என்றார்.

கூலியாட்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துரை வெறுங்காலில் நின்று மன்னிப்புக் கேட்டதும் பண்ணாடிக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அந்தக் கோபம் எங்கள் வீட்டில்தான் வந்து இறங்கியது. மறுநாளிலிருந்து அப்பாவுக்கு வேலை இல்லை. அமாவாசை வந்து போகிறவரைக்கும் கூப்பிடவில்லை. அக்காவின் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. இது தெரிந்தபோது பாதிரியார் எங்கள் வாசலில் வந்து நின்று அப்பாவிடம், “நான் அங்கே மன்னிப்புக் கேட்டதே தவறாகப் போய்விட்டது” என்றார். அப்பா கும்பிட்டார். “எங்களுக்காவ இனி யார்கிட்டயும் தப்புக் கேக்காதீங்க சாமி. எங்களுக்குத் தாங்காது.”

அக்கா என்றேனே, அவள் பெயர் பாவாயி. ஞானஸ்நானத்தில் ராகேல் என்று வைத்தார்கள். கோயில் புத்தகத்தில் மட்டும் அவள் ராகேல். என்னைவிட மூன்று வயது மூத்தவள். நான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன் என்றால் அவள் கொடிக்காலுக்குப் போனாள் என்பதால்தான். விடுமுறைக்கு வரும்போது என் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படிக்கிற மாதிரி என்னை நடித்துக் காட்டுவாள். “டீச்சரம்மா வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்கடி” என்று கொடிக்காலில் கூவுவாள். மோகனூர்ப் பக்கத்தில் அவளுக்கு மாப்பிள்ளை பார்த்து வைத்திருந்தார்கள். அம்மா ஒரு சிவப்புச் சேலை வாங்கிப் பானைக்குள் வைத்திருந்தாள்.

அந்தக் கோடையில் ஆறு வற்றி, மணலில் ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் மொண்டோம். வளவுகளில் வாந்திபேதி பரவியது. பாதிரியாரும், ஆஸ்பத்திரிக் கொட்டகையைப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் வளவு வளவாகப் போய்க் கிணறுகளில் ஊதா மருந்தைக் கரைத்துவிட்டார்கள். அந்த அம்மாள் எங்கள் குடிசைக்குள் வந்து மண்டியிட்டு, அக்காவின் வாயில் கரண்டி கரண்டியாக உப்புத் தண்ணீர் விட்டார். முந்தின நாள் என்னோடு வம்பிழுத்த அக்கா, விடிந்து வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

இங்கே நான் ஒன்றை விளக்க வேண்டும். அதற்கு முந்தைய மார்கழியில் பாதிரியார் கோயிலில் ஒரு பிரசங்கம் செய்திருந்தார். சாவு வீட்டில் தலையை விரித்துப் போட்டு, மார்பில் அடித்துக்கொண்டு, ஒப்பாரி வைப்பது நம்பிக்கை இல்லாதவர்களின் வழக்கம், உயிர்த்தெழுதலை நம்புகிறவர்கள் பாட்டுப் பாடி வழியனுப்ப வேண்டும் என்றார். இனி ஒப்பாரி வைக்கமாட்டோம் என்று எல்லோரும் கை தூக்கினார்கள். அம்மாவும் தூக்கினாள். அப்போது எங்கள் வளவில் யாரும் சாகக் கிடக்கவில்லை. கை தூக்குவது சுலபமாக இருந்தது.

அதற்குப் பிறகு கிறிஸ்தவர் வீட்டில் விழுந்த முதல் சாவு எங்கள் அக்காவுடையது.

பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். அம்மாவின் தோளைக் கட்டிப்பிடித்து வட்டமாக உட்காரப் போனவர்களை, எங்கள் கோயிலில் பாதிரியாருக்கு உதவியாக இருந்த உபதேசியார் வாசலில் கையை விரித்துத் தடுத்தார். அவர் திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், கண்டிப்பானவர். “யாரும் சத்தம் போடப்பிடாது. ஐயாகிட்ட கை தூக்கியிருக்கிய” என்றார். பாதிரியார் வந்தார். உபதேசியார் ஒரு கீர்த்தனையை எடுத்தார். எங்களுக்குச் சரியாகத் தெரியாத பாட்டு. நாங்கள் முணுமுணுத்தோம். அம்மா முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கழுத்து நரம்பு புடைத்து நின்றதை நான் பார்த்தேன். வேதத்தில் சேராத எங்கள் சொந்தக்காரர்கள் வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவி உரக்கவே சொன்னாள்.

“என்னடி எளவு இது? வளத்த நாய் செத்தாக்கூட ஒரு கொரலு குடுப்பாங்களே. கண்ணாலம் ஆகாத புள்ளைய இப்பிடி ஊமையாட்டத் தூக்கிட்டுப் போறாங்களே!”

பெட்டியில்லாமல் பாயில் சுருட்டித்தான் கொண்டுபோனோம். பாதிரியார் ஒரு பக்கம் தோள் கொடுத்தார்.

அன்றைக்கு மூடிய வாயை அம்மா திறக்கவில்லை. முதலில் துக்கம் என்று நினைத்தோம். கேட்டால் தலையசைப்பாள். சோற்றைப் பிசைவாள், வாய்க்குக் கொண்டுபோகமாட்டாள். கூழை ஊற்றிக் கொடுத்தால் இரண்டு மிடறு. கொடிக்காலுக்குப் போய் கொடியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நிற்பாள். பண்ணாடி இவள் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடம் திறந்தது. நான் போகவில்லை. அவளைத் தனியாக விட்டால் அவளும் அக்கா பின்னாலேயே போய்விடுவாள் என்று வளவு முழுவதும் சொன்னது. அவள் கை வளையல் முழங்கைக்கு ஏறுவதை நானே பார்த்தேன்.

பாதிரியார் வந்தபோது யாரும் அவரிடம் காரணம் சொல்லவில்லை. நல்லாயி அத்தைதான் சொன்னாள்.

“அழுக உள்ளயே ஒக்காந்துகிச்சுங்க சாமி. அது அவளத் தின்னுட்டுத்தான் வெளிய வரும். நீங்கதான அவ வாயக் கட்டிப் போட்டீங்க?”

“ஏட்டி, யாருகிட்ட பேசுத?” என்று உபதேசியார் பாய்ந்தார். பாதிரியார் அவர் தோளில் கை வைத்தார். அவர் முகம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது. அம்மாவின் முன்னால் மண்டியிட்டு, “அம்மா, நான் செய்தது தவறு. மிகப் பெரிய தவறு. இப்போது அழுங்கள். எவ்வளவு வேண்டுமானாலும் அழுங்கள்” என்றார்.

அம்மா அவரைத் தாண்டி எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாச் சொன்னீங்க போங்க,” என்றாள் அத்தை. “பொணமில்லாத ஊட்டுல, அண்ணாந்து மானத்தப் பாத்து எப்பிடிங்க அழுகறது? அழுகன்னா அதுக்கொரு எடம் வேணும், கூட நாலு பொம்பளைக வேணும். இனி எங்காச்சும் ஒரு எளவு உழுந்தாத்தான் உண்டு.”

எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் செத்தவருக்காக மட்டும் அழுவதில்லை. ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் போனவர்களைக் கூப்பிட்டு அழுவாள். தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். பாதிரியார் அன்றைக்குத்தான் அதைத் தெரிந்துகொண்டார். மறுபடி மறுபடி அத்தையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்க மேடையில் நின்று அவர் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. “எங்கள் ஊரில் துக்கத்தை வாய்க்குள் வைத்துக்கொள்வது மரியாதை. என் தகப்பனார் செத்தபோது என் தாயார் சத்தமில்லாமல் தேநீர் ஊற்றினார்கள். அந்த மரியாதையை நான் வேதம் என்று நினைத்துவிட்டேன். உங்கள் வாயில் என் ஊரைத் திணித்துவிட்டேன். நீங்கள் தூக்கிய கையை இறக்கிவிடுங்கள்.” உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குக் கேட்டதா என்று எனக்குத் தெரியவில்லை.

அதன் பிறகு பக்கத்து வளவில் ஒரு கிழவர் போனார். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனோம். சுற்றிலும் பெண்கள் அலறிக்கொண்டிருக்க, அம்மா நடுவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு எழுந்து வெளியே வந்துவிட்டாள். நல்லாயி அத்தை அன்றைக்குத்தான் பயந்தாள்.

பாதிரியார் வாராவாரம் வந்தார். வந்து வாசலில் கவிழ்த்துப் போட்ட உரலின்மேல் உட்கார்ந்திருப்பார். வேதம் வாசிக்கமாட்டார். ஆறுதல் சொல்லமாட்டார். எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேருக்குப் பேசியவர், எங்கள் வாசலில் மட்டும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அத்தைக்கு அது பொறுக்கவில்லை. “சும்மா உக்காந்துருக்கறதுக்கு இதயாச்சும் ஆயுங்க தொரை” என்று ஒரு நாள் அகத்திக்கீரைக் கட்டை அவர் மடியில் போட்டாள். அவர் காம்பு காம்பாக உருவினார். பாதி நேரம் இலையைக் கீழே போட்டுவிட்டுக் காம்பை முறத்தில் வைத்தார். “அட, ஆட்டுக்கு ஆயறீங்களா, மனுசருக்கு ஆயறீங்களா?” என்றாள் அத்தை. “தவறு, தவறு” என்று மறுபடி பொறுக்கினார். சாயங்காலம் வெயில் இறங்கும்வரை ஆய்ந்துகொண்டிருந்தார். அதன் பிறகு வந்தபோதெல்லாம் அது அவர் வேலையாகிவிட்டது. அம்மா எதிரே சுவரில் சாய்ந்து அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

எனக்கோ ஆத்திரம். ஒரு நாள் சைக்கிளை எடுக்கப் போனவரை மறித்துக் கேட்டேன். “ஐயா, நீங்கள் கீரை ஆய்வதற்கா கடல் தாண்டி வந்தீர்கள்? ஜெபம் பண்ணி அம்மாவைப் பேச வையுங்கள்.”

“தினமும் ஜெபிக்கிறேன்,” என்றார். “பதில் வரவில்லை.”

“வராவிட்டால்?”

“எனக்குத் தெரியாது. பதில் வருகிறவரைக்கும் நான் வேறு எங்கே போவது? இங்கேதான் வர வேண்டும்.”

அப்போது அது எனக்கு ஒரு பதிலாகவே படவில்லை. அவருக்குப் பிறகு எத்தனையோ போதகர்களைப் பார்த்துவிட்டேன். துன்பத்துக்கு மூன்று காரணம், ஐந்து காரணம் சொல்லக்கூடியவர்கள். நம்மூர்க்காரர்களும் உண்டு, சீமைக்காரர்களும் உண்டு. கேட்டுக்கொள்வேன். ஆனால் இன்றைக்கு ஒரு பிள்ளையின் தாய் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று அழுதால், நான் காரணம் சொல்வதில்லை. அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறேன். அதை எனக்குக் கற்றுத் தந்த மனிதருக்கு என் மொழி சரியாக வராது. நான் எந்த ஜெபத்திலும் அவரை விட்டதில்லை.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் மனைவிக்கு விஷக்காய்ச்சல் வந்தது. சேலத்திலிருந்து டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது.

செய்தி வந்ததும் நல்லாயி அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வளவின் நடுவில் நின்றாள். “நம்ம புள்ளை வாயில கரண்டியில தண்ணி ஊத்துன மவராசி. யாரு யாரு வாரீங்க?” எல்லோரும் கிளம்பினார்கள். அம்மாவை நான் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். வண்டித்தடத்தில் கூட்டமாக நடந்து, உச்சி வெயிலில் பாதிரியாரின் பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தோம்.

கேட்டுக்கு வெளியேயே பெண்கள் நின்றுவிட்டார்கள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. தாழ்வாரத்தில் நாற்காலிகள் போட்டு, சேலத்திலிருந்து வந்த பெரிய பாதிரியாரும் இன்னும் சில வெள்ளைக்காரர்களும் கறுப்பு உடுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். வேப்பமரத்தடியில் இரண்டு முக்காலிமேல் பெட்டி இருந்தது. மாம்பலகைப் பெட்டி. “எளவூடு மாதிரியே இல்லியே” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

பாதிரியார் இறங்கி வந்தார். தலையில் தொப்பி இல்லை. கண்கள் காய்ந்து கிடந்தன. எங்கள் எல்லோரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு அம்மாவைப் பார்த்தார்.

“அழுகலாமுங்களா சாமி?” என்றாள் நல்லாயி அத்தை. அந்த வாய்க்காரி அவ்வளவு பணிவாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

“அழுங்கள்,” என்று அவரே கேட்டைத் திறந்துவிட்டார்.

பெரிய பாதிரியார் எழுந்து வந்து இங்கிலீஷில் தாழ்ந்த குரலில் பேசினார். வெள்ளைக்காரர்களைத் தவிர அங்கே அது புரிந்த ஒரே ஆள் நான்தான் என்பது அவருக்குத் தெரியாது. இது நம் வழக்கமல்ல, உங்கள் மனைவிக்கு இது மரியாதையுமல்ல என்றார். பாதிரியார் சொன்னார்: “இவர்கள் வழக்கம் இது. என் மனைவி இவர்களுடைய மண்ணில்தான் கிடக்கப் போகிறாள்.”

பெண்கள் தலையை அவிழ்த்துவிட்டார்கள். பெட்டியைச் சுற்றி வட்டமாக உட்கார்ந்து ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். நல்லாயி அத்தை குரல் எடுத்தாள். கரண்டியில் தண்ணீர் ஊற்றிய கையைப் பாடினாள். பிள்ளை பெறாத வயிற்றைப் பாடினாள். வேம்பிலிருந்து காக்கைகள் கிளம்பிப் பறந்தன. தாழ்வாரத்து வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி காதைப் பொத்திக்கொண்டாள்.

அம்மா வட்டத்துக்கு வெளியே நின்றிருந்தாள். முந்தானை வாயில் இருந்தது. இங்கேயும் இல்லையென்றால் இனி எங்கும் இல்லை என்று எனக்குத் தெரிந்திருந்தது. அவள் பெட்டியைப் பார்த்தாள். பாதிரியாரைப் பார்த்தாள். யாரும் தோள் கொடுக்காமல், பேசாமல் நிமிர்ந்து நின்றுகொண்டிருந்த அந்த மனிதரை வெகுநேரம் பார்த்தாள். பிறகு முந்தானையை வாயிலிருந்து இழுத்தாள். ஈரமாக, நீளமாக வந்தது. வட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ப் பெட்டியின்மேல் விழுந்தாள்.

முதலில் வந்தது வார்த்தை இல்லை. ஆட்டை அறுக்கும்போது வருமே, அப்படி ஒரு சத்தம். பிறகுதான் பாட்டு வந்தது.

“செவப்புச் சீல வாங்கி வெச்சேன்
செல்லமே நீ கட்டலையே
கொட்டு மோளம் கேக்கலையே
கோரப்பாய் கட்டுனமே
பாவாயீ... ஏஞ் சாமி பாவாயீ...”

மாரில் அடித்துக்கொண்டாள். பெண்கள் பாய்ந்து அவளைக் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் பாவாயியைக் கூப்பிட்டார்கள். நானும் அழுதேன். கோடையில் அழாமல் போனதையெல்லாம் அன்றைக்கு அழுதேன்.

பெரிய பாதிரியார் குழம்பிப்போய், “பாவாயி யார்? இந்த அம்மாளுக்கு அது பெயர் இல்லையே” என்றார்.

“அவள் மகள்,” என்றார் எங்கள் பாதிரியார். “என் சொல்லைக் கேட்டு அழாமல் புதைத்த பெண். இங்கேயே அழட்டும்.”

வெயில் சாய்ந்தது. பெண்களின் குரல் கம்மியது. அம்மா பெட்டியை விட்டு எழுந்து வட்டத்தில் மண்மேல் உட்கார்ந்தாள். முகத்தில் கண்ணீரும் சளியும் புழுதியும். அவள் அதைத் துடைக்கவில்லை. பாதிரியார் நடந்து வந்து அவள் எதிரே நின்றார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாதவர்போல அங்கியைப் பிடித்துக்கொண்டார்.

“அம்மா,” என்றார், “எனக்கு அழத் தெரியவில்லை.”

ஆண்கள் அந்த வட்டத்தில் உட்காருவது வழக்கமில்லை. அம்மா தன் பக்கத்தில் தரையைக் கையால் தட்டினாள். அக்கா போன பிறகு அவள் உயிரோடிருக்கும் ஒருவரிடம் பேசியது அப்போதுதான். குரல் கிழிந்து போயிருந்தது.

“உக்காருங்க சாமி. தெரியாட்டிப் போகுதுங்க. உங்களுக்குஞ் சேத்து நாங்க அழுகறோம்.”

நல்லாயி அத்தை நகர்ந்து இடம் விட்டாள். கறுப்பு அங்கியோடு அவர் மண்ணில் உட்கார்ந்தார். பெண்கள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார்கள்.